தொழில்நுட்பக் கம்பெனி எது? போர்டைப் பார்த்தா தெரிஞ்சிடுமா?



இந்த மாதப் பாடம் சேமிப்பு பற்றியோ உள்கடன் பற்றியோ இல்லை. 'டெக்னாலஜி கம்பெனி', அதாவது தொழில்நுட்பக் கம்பெனி என்றால் என்ன என்பதுதான் பாடம். "அதெல்லாம் படிச்ச பிள்ளைங்க சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்ச நாளாக நம் குழுக் கூட்டங்களில் இந்த வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது. செல்போனில் 5 நிமிடத்தில் கடன் தருகிறவர் "நாங்க டெக்னாலஜி கம்பெனி" என்கிறார். பெண்ணுக்கு வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்கிறவரும் அதையே சொல்கிறார். பையன் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறானே, அந்தக் கம்பெனியும் அதையேதான் சொல்கிறது. பெயர் ஒன்று, ஆனால் செய்கிற வேலை ஒன்றா? இல்லை. அந்தப் பெயரை நம்பித்தான் பணமும் போகிறது, பிள்ளைகளின் வயசும் போகிறது. அதனால் நாமும் தெரிந்துகொள்வோம்.

தறி ஓட்டுறவரும் தறி செய்யுறவரும்

செல்லூரில் இருந்தே ஆரம்பிப்போம். வைகைக்கு வடகரையில் இருக்கும் நம்ம செல்லூர் பழைய தறி ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பல பேர். விசைத்தறி ஒரு மெஷின்தானே, கரண்டில் ஓடுகிறது, கையால் நாடா தள்ள வேண்டியதில்லை. அப்படியானால் 10 விசைத்தறி வைத்திருக்கும் செட்டுக்காரர் தொழில்நுட்பக் கம்பெனி நடத்துகிறார் என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். ஜவுளித் தொழில் செய்கிறார் என்போம். அவர் விற்பது துணி. நூல் விலை ஏறினால் அவருக்கு நஷ்டம், துணி விலை ஏறினால் லாபம். மெஷினை அவர் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான்.

அந்தத் தறியை யோசித்துச் செய்தவர் கதை வேறு. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒருவர் இருந்தார். 1867-ல் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்துத்தான் தறியை மாற்ற நினைத்தார் என்று சொல்வார்கள். நெய்கிறபோது பாவு நூல் அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் கவனிக்காவிட்டால் துணி முழுக்க ஓட்டை விழும், உழைத்த கூலி போகும். நூல் அறுந்ததும் தானே நின்றுவிடுகிற தறியை அவர் செய்தார். 1924-ல் முழுத் தானியங்கித் தறி வந்தது. 1926-ல் தறி செய்யும் கம்பெனி தொடங்கினார். தறி உலகத்துக்கே ராஜாவாக இருந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி, அந்த யோசனைக்கான உரிமையை 1929-ல் 1 லட்சம் பவுண்டு என்று பேசி வாங்கியது. துணியையோ மெஷினையோ வாங்கவில்லை, 'எப்படிச் செய்வது' என்ற அறிவை வாங்கியது! அந்தத் தறிக் கம்பெனிக்குள் மகன் ஆரம்பித்த கார் பிரிவுதான் 1937-ல் தனிக் கம்பெனியாகி, இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற டொயோட்டா கார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுற்றும். ஓட்டை இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் வேறு மாதிரி, அதை வைத்து சேலையில் பூ விழும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டு வந்தது. அதே மாதிரி ஓட்டை அட்டையை வைத்து அமெரிக்காவில் 1890-ஆம் வருட மக்கள்தொகையைக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு மெஷின் செய்த கம்பெனி, வேறு கம்பெனிகளோடு சேர்ந்து பிற்பாடு ஐ.பி.எம். ஆனது. ஆக, கம்ப்யூட்டருக்கு மூதாதை யார் என்று உங்கள் பேத்தி கேட்டால், தறி என்று தைரியமாகச் சொல்லலாம்.

இங்கேயே ஒரு வித்தியாசம் பிடிபடும். தொழில்நுட்பத்தை வாங்கிப் பயன்படுத்துகிற கம்பெனி வேறு. இதுவரை செய்ய முடியாத ஒன்றைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்து, அந்த வழியையோ அதனால் வந்த பொருளையோ விற்கிற கம்பெனி வேறு. இரண்டாவதைத்தான் தொழில்நுட்பக் கம்பெனி என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிறதா, கண்ணாடிக் கட்டடமா, ஏ.சி. ஓடுகிறதா என்பதெல்லாம் அதில் வரவே வராது.

சிவகங்கை ரோட்டில் ஒரு லென்ஸ் கம்பெனி

நம்ம மதுரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கும் ஆரோலேப். பெயர்ப் பலகையில் 'டெக்னாலஜி' என்ற வார்த்தை இல்லை. நம் குழுக்களில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ கண்புரை ஆபரேஷன் செய்த வீடுகள் நிறைய. அந்தக் கண்ணுக்குள் வைத்த லென்ஸ் இங்கே செய்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முன்பு எப்படி இருந்தது என்று வயசானவர்களைக் கேளுங்கள். கண்புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டி மாதிரி தடிமனான கண்ணாடி கொடுப்பார்கள். நேராகப் பார்த்தால் தெரியும், ஓரத்தில் தெரியாது. வரப்பில் நடக்க முடியாது. கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால் மறுபடி குருடுதான். களை எடுக்கப் போன பெண் அந்தக் கண்ணாடியோடு என்ன வேலை செய்ய முடியும்?

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் வழி அப்போதே உலகத்தில் இருந்தது. லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் 1949-ல் முதன்முதலாக வைத்தார். அவருக்கு அந்த யோசனை வந்த கதையும் நன்றாக இருக்கும். யுத்தத்தில் விமானக் கண்ணாடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் சில்லு போயிருந்தது. அது கண்ணாடி இல்லை, ஒரு வகை பிளாஸ்டிக். சாதாரணமாகக் கண்ணில் தூசி விழுந்தாலே சிவந்து சீழ் வைக்கும், ஆனால் இந்தச் சில்லு உள்ளேயே கிடந்தும் கண் கெடவில்லை. அப்படியானால் இதே பொருளில் லென்ஸ் செய்து உள்ளே வைக்கலாமே என்று யோசித்தார்.

வழி இருந்தது, ஆனால் விலை? 1990-களின் தொடக்கத்தில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். அன்றைய கணக்கில் 2,500 ரூபாய்க்கும் மேலே. அன்றைக்குக் கூலி வேலை பார்த்த பெண்ணுக்குப் பல மாத வருமானம். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களால்தான் ஆயிரக்கணக்கான ஆபரேஷன் செய்தார். ஏழைகளுக்கு இலவச ஆபரேஷன் நடந்தது, ஆனால் லென்ஸ் வாங்கிக் கட்டாது. நன்கொடையாக வந்த லென்ஸ்கள் போதவில்லை.

அப்போதுதான் நாமே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். இந்தியாவில் இது முடியாது, தரம் வராது என்று சொன்னவர்கள் உண்டு. வெளிநாட்டு நண்பர்கள், தொண்டு நிறுவனங்கள் துணையோடு செய்முறையை வாங்கிக் கற்றுக்கொண்டு, 1992-ல் ஆரோலேப் தொடங்கியது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே போனது. இன்றைக்கு 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது. பின்னாளில் கண் ஆபரேஷனுக்கான தையல் நூல், கண் மருந்து என்று விரிந்தது.

அந்த லென்ஸைச் செய்வது யார் தெரியுமா? பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். நம் பிள்ளைகள் மாதிரி பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். தலைமுடி ஒன்று வெளியே தெரியாமல் உடை போட்டு, தூசி இல்லாத அறையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்கிற வேலை. விரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு வட்டத்தைக் கடைந்து, மெருகேற்றி, கண்ணுக்குள் பிடித்து நிற்க இரண்டு மெல்லிய கால் வைத்து, கிருமி நீக்கி, அடைத்து அனுப்ப வேண்டும். ஒரு கீறல் இருந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். 'டெக்னாலஜி வேலை' என்றால் இங்கிலீஷ் பேசிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நுட்பமான வேலை மதுரையில் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். லென்ஸ் டப்பாவில் அது எப்போது செய்தது, எந்த எண் என்று ஒட்டியிருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் அந்த ஸ்டிக்கரை நோயாளியின் சீட்டில் ஒட்டி வைப்பார்கள். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் யார் செய்தது என்று தேடிப் போகலாம். செய்தவர் பொறுப்பு என்பது அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்னப் பட்டறையும் ஆகலாம்

பெரிய மருத்துவமனை பின்னால் இருந்தால்தான் முடியும் என்று இல்லை. கோயம்புத்தூர் முருகானந்தம் பற்றி நம் குழுக்களில் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். பட்டறை வைத்திருந்தவர். மனைவி மாத நாட்களில் பழந்துணி பயன்படுத்துவதைப் பார்த்து, நாப்கினை நாமே செய்தால் என்ன என்று இறங்கினார். பஞ்சை வைத்து வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பருத்திப் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் நார் என்று கண்டுபிடிக்கவே வருடக் கணக்கில் ஆனது. பெரிய கம்பெனிகளின் மெஷின் கோடிக்கணக்கில். அவர் அதே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து - நாரைப் பிரிப்பது, அச்சில் அழுத்துவது, உறை போடுவது, கிருமி நீக்குவது - ஒரு லட்சத்துக்குள் அடங்குகிற மெஷினாகச் செய்தார். அதைப் பெரிய முதலாளிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கு விற்றார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருடையது தொழில்நுட்பக் கம்பெனிதான், சந்தேகமே வேண்டாம். அவரிடம் மெஷின் வாங்கி நாப்கின் செய்கிற குழு? அது நாப்கின் கம்பெனி. இதில் ஏற்றத்தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வித்தியாசம் தெரியாமல் இறங்கினால் அடிபடுவோம். மெஷினை விற்றவருக்கு மெஷின் விற்றதும் வருமானம் வந்துவிடும். நமக்கோ ஒவ்வொரு பாக்கெட்டும் விற்றால்தான் வருமானம். மெஷின் வாங்கிய சில குழுக்கள் விற்பனைக்கு வழி செய்யாமல் மூலையில் போட்டு வைத்திருப்பதைக் களப்பணியில் நானே பார்த்திருக்கிறேன்.

சாஃப்ட்வேர் என்றால்?

நம் குழு மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறது. ஒரு பாட்டில் விற்றால் அடுத்த பாட்டிலுக்கு மறுபடி மாங்காய் வாங்க வேண்டும், உப்பு, எண்ணெய் வாங்க வேண்டும். சாஃப்ட்வேர் அப்படி இல்லை. கடைக்காரருக்குக் கணக்கு எழுதும் ஒரு சாஃப்ட்வேரை 50 பேர் 2 வருடம் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று வைப்போம். முதல் ஆளுக்குக் கொடுக்கும்வரை அத்தனை செலவு. இரண்டாவது ஆளுக்கு, லட்சமாவது ஆளுக்கு அநேகமாகச் செலவே இல்லை. அதனால்தான் இந்தக் கம்பெனிகள் இவ்வளவு வேகமாகப் பணம் பார்க்கின்றன. ஜோஹோ என்ற கம்பெனி இப்படித் தன் சொந்த சாஃப்ட்வேரை எழுதி உலகம் முழுக்க விற்கிறது. 1996-ல் ஆரம்பித்தது, 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஆபீஸ் போட்டது. கிராமத்திலிருந்தும் இந்த வேலை நடக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஐ.டி. கம்பெனி என்று நாம் சொல்வதில் எல்லாமே இந்த வகை இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி சொல்கிற வேலையை ஆள் வைத்துச் செய்து கொடுத்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் அதிகம். போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற வேலையும் 'ஐ.டி.' பெயரில் வருகிறது. நல்ல வேலையாகவே இருக்கலாம், சம்பளமும் பி.எஃப்.பும் ஒழுங்காக இருக்கலாம். பெண்ணை அனுப்பும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த வேலையில 3 வருஷம் கழிச்சு என் பிள்ளை கையில என்ன தொழில் இருக்கும்?" வேலைக்குச் சேர முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவர் நம்மிடம் ஏன் பணம் கேட்கிறார்?

"நாங்க நடுவுல இருக்கிற பாலம் மட்டும்தான்"

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். டாக்சி கூப்பிடும் ஆப், சாப்பாடு கொண்டு வரும் ஆப். இவர்கள் தொழில்நுட்பக் கம்பெனியா? பாதி உண்மை என்றுதான் நான் சொல்வேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த வழி சீக்கிரம் என்று கண நேரத்தில் கணக்குப் போடும் சாஃப்ட்வேரை எழுத உண்மையிலேயே கெட்டிக்கார இன்ஜினியர்கள் வேண்டும். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு சவாரியிலும், ஒவ்வொரு பார்சலிலும் எடுக்கும் கமிஷனிலிருந்து. வண்டியும் பெட்ரோலும் பையனுடையது. மழையில் நனைவதும் பையன்தான்.

"நாங்க டெக்னாலஜி கம்பெனி, டிரைவர் எங்க ஊழியர் இல்ல, கூட்டாளி" என்று சொன்னால் என்ன லாபம்? பி.எஃப். கட்ட வேண்டாம், இ.எஸ்.ஐ. வேண்டாம், விபத்து நடந்தால் கைகழுவலாம். இந்த வாதம் உலகம் முழுக்க கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. ஸ்பெயினில் பார்சிலோனா டாக்சி ஓட்டுநர்கள் சங்கம் உபர் கம்பெனி மேல் போட்ட வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. நீங்கள் நடத்துவது போக்குவரத்துத் தொழில், வெறும் இணையச் சேவை இல்லை, அதனால் போக்குவரத்துச் சட்டம் உங்களுக்கும் உண்டு என்றது. இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், வழக்குப் போட்ட உபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு என்றது. பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதவில்லை. கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார் என்று பார்த்தார்கள்.

நம் மாநிலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தார், அந்த வருடமே வாரியமும் அமைந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை பைக்கில் பார்சல் எடுத்துப் போகிறவனா? தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடிபட்ட பிறகு பதிவு செய்து பயன் இல்லை.

பெரிய பணக்காரர்களும் இந்தப் பெயரில் ஏமாந்திருக்கிறார்கள், நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீவொர்க் என்று ஒரு கம்பெனி. கட்டடத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, தடுத்துத் தடுத்து சின்னச் சின்ன ஆபீசாக உள்வாடகைக்கு விடும். நம் ஊரில் காம்பவுண்டு வீடு விடுகிற மாதிரிதான். ஆனால் தொழில்நுட்பக் கம்பெனி என்று பேர் பண்ணி, 2019 தொடக்கத்தில் 4,700 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். அதே வருடம் பங்கு விற்க வந்தபோது கணக்கைப் பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள். 2023 நவம்பரில் திவால் மனு.

ஆப் கடனும் ஆள் சேர்ப்பும்

நமக்கு நேரடியாக வலிக்கிற இடம் இதுதான். ஆப் கடனில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 ரூபாய் கடன் என்பார்கள். 'பிராசஸிங்' என்று 1,500 பிடித்துக்கொண்டு 3,500 கையில் வரும். 7 நாளில் 5,000 கட்ட வேண்டும். 3,500-க்கு ஒரு வாரத்துக்கு 1,500 வட்டி! நூற்றுக்கு வாரம் 43 ரூபாய்க்குப் பக்கம். நம் குழுவில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றாலும், 5,000-க்கு ஒரு மாதத்துக்கு 100 ரூபாய்தான். கந்துவட்டிக்காரரே தோற்றுப் போவார். கட்டத் தவறினால் போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் அசிங்கமாக மெசேஜ் அனுப்புகிறார்கள். இதில் தொழில்நுட்பம் என்பது நம் போனுக்குள் கை விடுவது மட்டும்தான். தொழில் என்னவோ பழைய வட்டித் தொழில்.

ரிசர்வ் வங்கி இதற்கு 2022 செப்டம்பரில் விதி கொண்டு வந்தது, 2025 மே மாதத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டது. ஆப் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். கடன் பணம் அங்கிருந்து நேராக நம் கணக்குக்கு வர வேண்டும், நாம் கட்டுவதும் நேராக அங்கே போக வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் முன்னாடியே காட்ட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் குறைந்தது ஒரு நாளுக்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி விலகலாம். போனில் உள்ள நம்பர்கள், போட்டோக்களை ஆப் தொடக் கூடாது. எந்தெந்த ஆப் எந்த நிறுவனத்தோடு சேர்ந்தது என்ற பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. ஆக "நாங்க வெறும் டெக்னாலஜி" என்று ஒதுங்க முடியாது. லென்ஸ் டப்பா ஸ்டிக்கர் மாதிரி, கடனுக்கும் பொறுப்பான ஒரு பெயர் இருந்தாக வேண்டும்.

ஆள் சேர்ப்புக் கதை ஒன்று. நம் கூட்டமைப்பில் ஒரு குழுக் கூட்டத்துக்கு நல்ல சட்டை போட்ட ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"நாங்க ஃபைனான்ஸ் கம்பெனி இல்லக்கா, டெக்னாலஜி கம்பெனி. ஆப்புல தினமும் விளம்பரம் பார்த்தா போதும், காசு வரும்."

"அப்படியா தம்பி, அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்றார் ஊக்குநர் அக்கா.

"மூவாயிரம் கட்டி மெம்பர் ஆகணும்க்கா. அப்புறம் நாலு பேரைச் சேர்த்து விட்டா இன்னும் கூட வரும்."

"விளம்பரம் கொடுக்கிறவன்தானே காசு கொடுக்கணும்? பார்க்கிற நான் எதுக்குக் கட்டணும்?"

பையன் ஏதோ 'சிஸ்டம்' என்று ஆரம்பித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், "அந்த நாலு பேரு கட்டுற காசைத்தான் எனக்குத் தர்றியா ராசா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவன் லேப்டாப்பை மூடிவிட்டான். டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

அந்தப் பெரியம்மா கேட்டதைக் கணக்காகவே போடலாம். ஒருவர் 4 பேரைச் சேர்க்கிறார், அவர்கள் ஆளுக்கு 4 பேர், 16. பிறகு 64, 256, 1,024. 10-வது சுற்றில் 10 லட்சத்து 48 ஆயிரம் பேர் வேண்டும். 11-வது சுற்றில் 41 லட்சத்து 94 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே 30 லட்சத்து 38 ஆயிரம்தான், கைக்குழந்தையும் சேர்த்து! ஆள் தீர்ந்த அன்றைக்குப் பணம் நின்றுவிடும். கடைசியாகச் சேர்ந்தவர்கள் யாராக இருப்பார்கள்? நாம் பேச்சுக் கொடுத்துச் சேர்த்துவிட்ட நம் சொந்தக்காரர்கள்.

இப்படிப் பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். 1997-லேயே தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. போனில் பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அத்தனைக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. வெட்கப்பட்டு வீட்டுக்காரரிடம் மறைத்து வைத்து, இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி அடைக்கப் பார்க்காதீர்கள்.

குழுவில் பேசிப் பார்க்க

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தப் பாடத்தைச் சத்தமாகப் படியுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு கம்பெனியோ ஆப்போ சொல்ல வேண்டும். பால் சொசைட்டி, கேஸ் ஏஜென்சி, பிள்ளை வேலை பார்க்கும் இடம், போனில் இருக்கும் கடன் ஆப் என்று எதுவானாலும் சரி. அது எதை விற்கிறது, அந்தப் பொருளை யார் செய்கிறார்கள், யார் கொடுக்கும் காசில் அது நடக்கிறது, கோளாறு என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மற்றவர்கள் கேளுங்கள். பதில் தெரியாததை ஒரு தாளில் எழுதி, போனை நோண்டத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அப்படியும் பதில் கிடைக்காத பெயர்களைக் கணக்காளரிடம் கொடுத்தனுப்பினால், கூட்டமைப்புக் கூட்டத்தில் சேர்ந்து பார்ப்போம்.